டோட்டோரோ எந்த வருஷத்துக் கதை?

1988 ஏப்ரல் 16ஆம் தேதி ஜப்பானில் ஸ்டூடியோ ஜிப்லியின் இரண்டு படங்கள் ஜோடியாக வெளியாயின. ஒன்று இசாவோ தகாஹாதா எடுத்த ‘மின்மினிகளின் கல்லறை’. இன்னொன்று ஹயாவோ மியாசாகியின் ‘என் பக்கத்து வீட்டு டோட்டோரோ’. ஒரே டிக்கெட், இரண்டு படம். முதல் படத்தில் திரை விரிந்ததுமே அதன் நாயகனான சிறுவன் தான் இறந்துபோன தேதியைச் சொல்லிவிடுகிறான்: 1945 செப்டம்பர் 21, இரவு. அதற்குமேல் நாம் எதையும் கணக்குப் போட வேண்டியதில்லை. டோட்டோரோவோ கடைசிவரை வருஷத்தைச் சொல்வதே இல்லை. ஒரு அப்பா, சட்சுகி, மெய் என்று இரண்டு பெண் குழந்தைகள், ஒரு மூன்று சக்கர லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வெயில் அடிக்கிறது. அவ்வளவுதான்.

இது எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கும் வேலையை ரசிகர்கள் படம் வந்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சட்டத்தையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். சமையலறைச் சுவரில் என்ன தொங்குகிறது, பேருந்தின் மூக்கு எப்படி இருக்கிறது, டெலிபோனில் டயல் இருக்கிறதா என்று துருவுகிறார்கள். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். ஒரு படத்தை உண்மையாக நேசிப்பவர்கள் மட்டுமே இவ்வளவு பொறுமையாக அதை உற்றுப் பார்ப்பார்கள். அதுவும் டோட்டோரோ விஷயத்தில் வருஷம் என்பது வெறும் தகவல் இல்லை. அந்த அம்மா பிழைப்பாளா மாட்டாளா என்பதே அதில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவில் விரிவாகப் பேச ஆசை.

முதலில் வீட்டுக்குள் போவோம்.

ஜப்பானில் 1950களின் நடுவில் ‘மூன்று புனிதப் பொக்கிஷங்கள்’ என்று ஒரு பேச்சு பரவியது. ராஜவம்சத்தின் வாள், கண்ணாடி, மணி மூன்றுக்கும் உள்ள பெயரை வீட்டுச் சாமான்களுக்கு வைத்தார்கள். கறுப்பு வெள்ளை டிவி, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ். நடுத்தரக் குடும்பங்கள் அந்த மூன்றுக்காகத்தான் காசு சேர்த்தன. இப்போது சட்சுகி வீட்டைப் பாருங்கள். துணி துவைக்கும் காட்சியில் அப்பாவும் இரண்டு பெண்களும் ஒரு தொட்டிக்குள் இறங்கி மிதிமிதியென்று மிதிக்கிறார்கள். தண்ணீர் கைபம்பில் அடித்து வருகிறது. சோறு விறகடுப்பில் வேகிறது. சட்சுகிதான் காலையில் எழுந்து சமைத்து எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்தில் பறித்த வெள்ளரிக்காயும் தக்காளியும் கூடையோடு ஓடுகிற தண்ணீரில் குளிர்கின்றன. மூன்று பொக்கிஷமும் இந்தப் படத்தில் இல்லை. ஆனால் அந்த மூன்றின் வேலையையும் மனிதர்களே செய்கிறார்கள். படத்தின் மிக சந்தோஷமான காட்சிகள் என்று நாம் நினைவில் வைத்திருப்பவை பெரும்பாலும் அந்த வேலைகள்தாம் என்பதைக் கவனித்தீர்களா? மின்சாரம் வந்துவிட்டது, பல்பு எரிகிறது. மின்சாரத்தில் ஓடும் சாமான்கள் இன்னும் வரவில்லை.

டிவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மியாசாகியே அதைத்தான் அளவுகோலாக வைத்தார். படம் குறித்த திட்டக் குறிப்புகள் ‘ஷோவா முப்பதுகளின் தொடக்கம்’ என்கின்றன. ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கான ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். ஆக 1955ஐ ஒட்டிய வருஷங்கள். ஆனால் மியாசாகி பின்னால் பேசும்போது, மனதில் இருந்தது டிவி இல்லாத காலம் என்று விளக்கினார். இது முக்கியமான வித்தியாசம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1953 பிப்ரவரி 1 அன்று டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்றைக்குக் கட்டணம் கட்டிப் பதிவு செய்திருந்தவர்கள் நாடு முழுக்க 866 பேர். பெட்டியின் விலை சாதாரண ஊழியரின் பல மாதச் சம்பளம். 1959 ஏப்ரல் 10 அன்று பட்டத்து இளவரசர் அகிஹிதோவின் கல்யாணம் நடந்தது. ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே லட்சக்கணக்கான வீடுகள் டிவி வாங்கின. 1962க்குள் பதிவுகள் ஒரு கோடியைத் தாண்டின. அதாவது டிவி இல்லாத காலம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. டோக்கியோவில் ஒரு வருஷம் முடிந்தது, பக்கத்துக் கிராமத்தில் நாலைந்து வருஷம் கழித்து முடிந்தது. டோட்டோரோ அந்த இடைவெளிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கதையின் ஊர் டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள சயாமா குன்றுகளை நினைவூட்டும் ஊர். மியாசாகி குடியிருக்கும் டோக்கோரோசாவா அந்தப் பக்கம்தான். இன்றைக்கு அது டோக்கியோவுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருபவர்கள் வாழும் புறநகர். படத்தில் அப்பா பேருந்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறார். அந்தப் பேருந்து முன்னால் மூக்கு நீண்ட பழைய வகை. மழையில் குழந்தைகள் குடையோடு காத்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில், அப்பா வரப்போகும் பேருந்துக்கு முன்னால் ஒரு பேருந்து வந்து நிற்கிறது. பெண் கண்டக்டர், ஏறுகிறீர்களா என்று கேட்கிறார். கண்டக்டர் இல்லாத பேருந்துகள் ஜப்பானில் 1951இலேயே ஒசாகாவில் ஓடத் தொடங்கி, அறுபதுகளில் நாடெங்கும் பரவிவிட்டன. ஆகவே இந்தக் கண்டக்டர் மேல் எல்லையைக் காட்டுகிறார், கீழ் எல்லையைக் காட்டவில்லை. இப்படித்தான் பெரும்பாலான தடயங்கள் இருக்கும். ‘இதற்குப் பிறகு இருக்க முடியாது’ என்று சொல்லும். ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று சொல்லும் தடயம் கிடைப்பதுதான் அபூர்வம்.

டெலிபோனும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. வீட்டில் ஆள் இல்லாததால் பக்கத்து வீட்டுப் பையன் கான்டா அதை வாங்கி வைத்திருந்து ஓடிவந்து கொடுக்கிறான். தந்தியைப் பிரிக்கும்போது சட்சுகியின் முகம் மாறுவதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. தந்தி என்றாலே வாசலில் அழுகை கேட்ட வீடுகள் நம்முடையவை. அவள் கான்டாவின் உறவினர்களுடைய பெரிய வீட்டுக்கு ஓடுகிறாள். அக்கம்பக்கத்தில் டெலிபோன் இருப்பது அங்கேதான் போலிருக்கிறது. சுவரில் மாட்டிய டெலிபோன், ஆபரேட்டரிடம் டோக்கியோ எண்ணைச் சொல்லி டிரங்கு கால் கேட்கிறாள், பிறகு காத்திருக்கிறாள். இந்தக் காத்திருப்பில்தான் கதையே நிற்கிறது. அப்பாவுக்கு உடனே செய்தி போயிருந்தால், ஆஸ்பத்திரியோடு ஒரு நிமிஷத்தில் பேசியிருந்தால், மெய் அம்மாவுக்காக மக்காச்சோளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பியிருக்க மாட்டாள். காணாமல் போயிருக்க மாட்டாள். அவளைத் தேடிப் போக அந்தப் பூனை வடிவப் பேருந்தும் வந்திருக்காது.

சரி, வருஷம்? ரசிகர்கள் அதிகம் சொல்லும் விடை 1958. பல இடங்களில் அது முடிந்த முடிவு போலவே எழுதப்படுகிறது. அதை எதிர்ப்பவர்கள் டிவி ஒளிபரப்பு தொடங்கிய 1953ஐ ஒட்டி நிற்கிறார்கள். படத்தின் எல்லாத் தடயங்களையும் இரண்டு கூட்டமும் பயன்படுத்துகிறது, விடை மட்டும் வேறு வேறு. இந்த இடத்தில் முறையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

ஒரு படத்தில் நாள்காட்டி தெரிந்தால் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். மாதமும் கிழமையும் தெரிந்தால் போதும், ஆண்டுகள் சில மட்டுமே பொருந்தும். அதே கிழமை வரிசை ஐந்து, ஆறு அல்லது பதினொரு வருஷத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். மகோடோ ஷின்காயின் ‘உன் பெயர்’ படத்தில் இந்தக் கணக்கு மிக அழகாக வேலை செய்கிறது. (அந்தப் படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.) டோக்கியோவில் இருக்கும் டாக்கி 2016இல் வாழ்கிறான், மலையூரில் இருக்கும் மிட்சுஹா 2013இல் வாழ்கிறாள். ஒருவர் உடலுக்குள் மற்றவர் மாறிப் புகும்போது இரண்டு பேருக்கும் அந்த மூன்று வருஷ இடைவெளி தெரிவதில்லை. மிட்சுஹாவின் ஊரில் வால்நட்சத்திரம் விழும் அக்டோபர் 4, 2013இல் வெள்ளிக்கிழமை. 2016இல் அதே தேதி செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கிழமை மாறியதைக் கவனிக்காமல் இருப்பார்களா என்பது ரசிகர்களின் நியாயமான கேள்வி. கனவில் இருப்பது போன்ற நிலை அது என்று படம் சொல்கிறது. நான் அதை ஏற்றுக்கொள்கிறேன், என் நண்பர்கள் சிலர் ஏற்பதில்லை. ஆனால் கிழமைக் கணக்கைப் போட்டு, படம் வெளிப்படையாகச் சொல்வதற்கு முன்னாலேயே ரகசியத்தைப் பிடித்துவிட முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அனிமேஷன் படத்தை இப்படித் துருவுவதில் ஒரு தனி நியாயம் இருக்கிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் தெருவில் போகும் வண்டி தற்செயலாக வந்து விழலாம். வரைந்த படத்தில் தற்செயல் கிடையாது. ஒரு செம்பு இருந்தால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தச் செம்பை வரைந்திருக்கிறார். அதனால்தான் ரசிகர்கள் ஒவ்வொரு பொருளையும் சாட்சியாக நிறுத்துகிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வரைந்தவருக்கும் ஒரு பால்யம் இருக்கிறது. மியாசாகி 1941இல் டோக்கியோவில் பிறந்தவர். டோட்டோரோவின் கலை இயக்குநர் கசுவோ ஓகா 1952இல் வடக்கே அகிதாவில் பிறந்தவர். அந்தப் படத்தின் வயல்கள், வரப்புப் புல், ஓடைக்கரைச் செடிகள், மண் பாதையின் நிறம் எல்லாம் ஓகாவின் கைவண்ணம். மியாசாகியின் பத்து வயது 1951இல் வந்தது. ஓகாவின் பத்து வயது 1962இல் வந்தது. இரண்டு பேருடைய நினைவும் ஒரே சட்டத்தில் சேரும்போது வருஷம் ஒன்றாக எப்படி இருக்கும்? 1953 என்று ஒருவர் சாட்சி காட்டுவதும் 1958 என்று இன்னொருவர் காட்டுவதும் இதனால்தான் சாத்தியமாகிறது என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் சரியான பொருளைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இனி ஆஸ்பத்திரிக்குப் போவோம். இதுவரை சொன்னதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அம்மாவின் நோய் என்னவென்று படத்தில் யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியின் பெயர் ஷிச்சிகோகுயாமா. நிஜத்தில் ஹிகாஷிமுராயாமா பக்கம் ஹாச்சிகோகுயாமா என்ற குன்று இருக்கிறது. ஷிச்சி என்றால் ஏழு; அதை ஹாச்சி, அதாவது எட்டு ஆக்கினால் அந்தப் பெயர். அந்தக் குன்றை ஒட்டி ஒரு காசநோய் சானடோரியம் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கியோசே நகரம் முழுக்கவே காசநோய் ஆஸ்பத்திரிகளால் நிறைந்த ஊர். மியாசாகியின் தாயாரும் 1947 முதல் பல வருஷங்கள் முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் இருந்தவர். தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில், பிறகு வீட்டில். ஆகவே சட்சுகியின் அம்மாவுக்கும் காசநோய்தான் என்று ரசிகர்கள் முடிவுக்கு வருவதில் தவறேதும் இல்லை.

காசநோய் என்றால், வருஷம்தான் எல்லாமே. ஜப்பானில் 1950வரை மரணத்துக்கு முதல் காரணம் காசநோய். 1947இல் லட்சம் பேருக்கு 187 பேர் அதனால் இறந்தார்கள். இளம் தாய்மார்கள், மில் பெண்கள், கல்லூரி மாணவர்கள் என்று வீட்டுக்கு வீடு சாவு. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்தது, பாஸ் மருந்து வந்தது, ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. 1951இல் காசநோய்த் தடுப்புச் சட்டம் புதிதாக வந்து அரசு சிகிச்சைச் செலவில் கை கொடுத்தது. அந்த வருஷமே முதலிடம் பக்கவாதத்துக்குப் போனது. 1955இல் மரண விகிதம் 52ஆக இறங்கிவிட்டது. எட்டு வருஷத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்துபோயிற்று. இப்படி ஒரு சரிவை நினைத்துப் பார்க்கவே சிலிர்க்கிறது.

இதை வைத்துப் படத்தைப் பாருங்கள். கதை 1947இல் நடந்திருந்தால் அந்த அம்மா பெரும்பாலும் திரும்பி வரமாட்டாள். சட்சுகிக்கு வரும் பயம் ஜாதகம் போலப் பலித்திருக்கும். ஐம்பதுகளின் நடுவில் நடந்தால் அவள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கும் பெரியவர்களின் மனதில் பழைய சாவுகள் இன்னும் ஆறவில்லை. பிள்ளைகளும் அந்தக் கிசுகிசுப்பில் வளர்ந்தவர்கள்தாம். ‘சின்னச் சளிதான், அம்மா வீட்டுக்கு வருவது கொஞ்சநாள் தள்ளிப்போகிறது’ என்று பெரியவர்கள் சொல்வதை சட்சுகி நம்ப மறுக்கிறாள். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள் என்று அவள் கேவும்போது அவள் மேல் தப்பே இல்லை. அவள் பயம் பத்து வருஷத்துக்கு முந்தைய உலகத்திலிருந்து வருகிறது. அம்மாவின் உடம்பில் ஓடும் மருந்து புதிய உலகத்தைச் சேர்ந்தது. இரண்டும் சந்திக்கும் சில வருஷங்களில் மட்டுமே இந்தக் கதை நடக்க முடியும். அந்தப் பக்கம் போனால் அம்மா இல்லை. இந்தப் பக்கம் வந்தால் வீட்டில் டிவி இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது, காட்டுக்குள் போக மெய்க்கு நேரமில்லை.

சானடோரியம் என்றால் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரிதான் அந்தப் பெயருக்குக் காரணம். சுத்தமான காற்று, மரங்கள், ஓய்வு, நல்ல சாப்பாடு, ஊரிலிருந்து தூரம். ஷிச்சிகோகுயாமா ஆஸ்பத்திரியும் அதே எண்ணத்தில் கட்டிய இடம்தான்: குன்றடி, மரங்கள், வரிசையான பெரிய ஜன்னல்கள். என் பாட்டி அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். நோயின் பெயரை அவர் கடைசிவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதில் சென்னைக்கு இன்னொரு பங்கும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மறு பாதிக்கு அதே மருந்தை அவர்கள் வீட்டிலேயே, நெரிசலான தெருக்களில், போதாத சாப்பாட்டோடு கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிவதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். ஜப்பானில் சானடோரியங்கள் அதற்குப் பிறகும் சில காலம் நிரம்பியே இருந்தன. ஆனாலும் நோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்கத் தேவையில்லை என்பது அந்த வருஷத்திலேயே நிரூபணமாகிவிட்டது. பிள்ளைகள் சைக்கிளில் அப்பாவோடு மூன்று பேராகத் தொற்றிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போகும் அந்தப் பயணம், மருத்துவ வரலாற்றில் ஒரு சின்ன சந்துக்குள் நடக்கிறது.

அந்தக் காட்சியில் சட்சுகி அம்மாவிடம் பள்ளிக்கு நடவு விடுமுறை என்கிறாள். வழியில் பாட்டி வீட்டார் வயலில் கையால் நாற்று நடுகிறார்கள். நடவு இயந்திரம் ஜப்பானிய வயல்களில் பரவியது சுமார் 1970இல். அதுவரை நடவு நாட்களில் பிள்ளைகளின் கையும் தேவைப்பட்டதால் கிராமத்துப் பள்ளிகள் மூடின. இதுவும் மேல் எல்லைத் தடயம்தான், ஆனால் பருவத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. மே மாதம் குடிவந்தார்கள், பிறகு நடவு, பிறகு மழைக்காலம், ஆகஸ்ட் வெயிலில் மக்காச்சோளம். வருஷத்தை மறைத்த மியாசாகி மாதத்தை மட்டும் ஒளிக்கவே இல்லை.

பிள்ளைகளின் வயதையும் ஓட்டிப் பார்க்கலாம். மெய்க்கு நாலு வயது. சட்சுகிக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். 1953 என்று வைத்தால் சட்சுகி பிறந்தது போர்க்காலம். குண்டு விழுந்த இரவுகளில் அவள் கைக்குழந்தையாகவோ சற்றே பெரியவளாகவோ இருந்திருப்பாள். மெய் சமாதான காலத்துக் குழந்தை. 1958 என்று வைத்தால் இருவருமே போருக்குப் பின் பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம். எனக்கு முதல் கணக்கே பிடிக்கிறது. சட்சுகியின் பொறுப்பு, அடக்கம், அழுகையைக் கடைசிவரை விழுங்குவது எல்லாம் எதையோ பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் குணமாகத் தெரிகிறது. மியாசாகி நாலு வயதில், 1945 ஜூலையில், உட்சுனோமியா நகரம் குண்டில் எரிந்த இரவில் குடும்பத்தோடு தப்பி ஓடியவர். ‘மின்மினிகளின் கல்லறை’யில் பசியால் இறக்கும் செட்சுகோவுக்கும் நாலு வயதுதான். இரண்டு படங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்த பார்வையாளர்கள், அதே வயதுக் குழந்தை ஒன்று வயலில் வெள்ளரிக்காயைக் கடிப்பதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எல்லாப் படத்தையும் இப்படிப் பிடித்துவிட முடியாது. டோட்டோரோவுக்கு அடுத்த வருஷமே மியாசாகி எடுத்த ‘கிகியின் டெலிவரி சர்வீஸ்’ அதற்கு நல்ல உதாரணம். கறுப்பு வெள்ளை டிவியில் வானக்கப்பல் நேரலையில் வருகிறது. தெருவில் ஐம்பதுகளின் கார்கள். ஒரு வீட்டில் மின்சார அடுப்பு பழுதாகிவிட, கிகி பழைய விறகடுப்பைப் பற்றவைத்துப் பலகாரத்தைச் சுட்டெடுக்கிறாள். ஸ்வீடனின் விஸ்பி, ஸ்டாக்ஹோம் நகரங்களைப் பார்த்து வரைந்த ஊர். இரண்டாம் உலகப்போரே நடக்காத ஒரு ஐரோப்பா என்று அதை மியாசாகி கற்பனை செய்தார். அந்த ஊருக்கு நம் வரலாற்றில் ஆண்டு கிடையாது. அதில் வருஷம் தேடுபவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நான் தேடுவதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் டோட்டோரோ விஷயத்தில் வருஷத்தைத் தேடுவது ஒரு அநியாயத்தைத் தடுக்கவும் பயன்படுகிறது. பல வருஷங்களாக ஒரு வதந்தி உலவுகிறது. 1963 மே 1 அன்று சயாமா நகரில் ஒரு பள்ளி மாணவி கடத்திக் கொல்லப்பட்டாள். அந்தக் கொலையைத்தான் டோட்டோரோ மறைமுகமாகச் சொல்கிறது, சட்சுகி, மெய் இரண்டு பெயருக்குமே மே மாதம் என்றுதான் பொருள், கடைசியில் இருவருமே செத்துவிட்டார்கள், அதனால்தான் அவர்களுக்கு நிழல் இல்லை, அவர்கள் காட்டில் சந்திக்கும் அந்த டோட்டோரோ ஒரு சாவுத் தேவதை என்றெல்லாம் கதை. ஜிப்லி நிறுவனம் 2007இல் இதை வெளிப்படையாக மறுத்தது. சில காட்சிகளில் நிழல் இல்லாதது வரைபவர்கள் தேவையில்லை என்று விட்டதால்தான் என்று விளக்கியது. பெயர்களுக்கும் காரணம் தெரிந்ததுதான்: தொடக்கத்தில் கதையில் ஒரே ஒரு சிறுமிதான் இருந்தாள், அவளை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய சுவரொட்டியில் டோட்டோரோவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் சட்சுகியும் இல்லை, மெய்யும் இல்லை, இரண்டு பேரும் கலந்த அந்த முதல் சிறுமி.

இந்த மறுப்பு எதுவும் இல்லாவிட்டாலும் வருஷம் ஒன்றே போதும். 1963 எப்படி இருந்தது என்று ஜிப்லியே காட்டியிருக்கிறது. கோரோ மியாசாகி 2011இல் எடுத்த ‘கொகுரிகோ மலைச்சரிவிலிருந்து’ படம் 1963இன் யோகோஹாமாவில் நடக்கிறது. அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். வீட்டில் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவெல்லாம் வண்டி. ஒரு கோடி டிவி பதிவுகள் தாண்டிய நாட்டில், டோக்கியோவிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில், சட்சுகி வீட்டையும் கான்டா வீட்டையும் வைக்கவே முடியாது. ஒரு நிஜப் பெண்ணின் சாவை எடுத்து ஒரு குழந்தைப் படத்துக்கு இருட்டுப் பூசுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கும் அநியாயம், படத்துக்கும் அநியாயம். துவைக்கும் தொட்டியையும் கைபம்பையும் எண்ணிக்கொண்டிருக்கும் ரசிகர்களை வேலையில்லாதவர்கள் என்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

என் கணக்கு 1953க்கும் 1957க்கும் இடையில் எங்கோ நிற்கிறது. ஒரே வருஷம் சொல் என்று யாராவது வற்புறுத்தினால் 1955 என்பேன். 2005இல் ஐச்சி உலகக் கண்காட்சிக்காக இந்த வீட்டை நிஜமாகவே நாககுதேயில் கட்டியபோது, கோரோ மியாசாகியின் குழு ஷோவா முப்பதுகளின் தச்சு முறையில் கட்டி, மேஜை இழுப்பறைகளுக்குள்ளும் அந்தக் காலத்துப் பொருட்களை வைத்தது. பார்க்க வருபவர்கள் இழுத்துத் திறந்து பார்க்கலாம். அந்த வீடு இன்று ஜிப்லி பூங்காவுக்குள் இருக்கிறது. என்றாவது அங்கே போனால் முதலில் சமையலறை அலமாரியைத்தான் திறப்பேன்.

கடைசி எழுத்துகள் ஓடும்போது வரும் ஓவியங்களை மட்டும் எழுந்து போய்விடாமல் பாருங்கள். அம்மா வாடகைக் காரில் வந்து இறங்குகிறாள். பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். அடுத்தடுத்த ஓவியங்களில் அவள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள், மெய் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு விளையாடுகிறாள். இவை பழைய நினைவுகள், அம்மா வரவே இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. லட்சத்துக்கு 187 என்ற எண் 52 ஆன அந்த வருஷங்களில், ஸ்ட்ரெப்டோமைசின் ஏறிய உடம்போடு, அவள் வந்துதான் இருப்பாள்.